மூச்சைப் பிடித்த மூவர்

முன்னொரு காலத்தில், காலையில் ஓர் ஆசை தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும் என்று நிற்கும் ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் ஒரு மல்லன், ஒரு கூத்தாடி, ஒரு நாகசுரக்காரர் மூவரும் சபையில், "மூச்சைப் பிடிப்பதில் நானே பெரியவன்" என்று மல்லுக்கு நின்றார்கள். ராஜா தம் பொற்காப்பைக் கழற்றினார்.

"தேனப்பரே, இது யாருக்கு? நீரே தீர்ப்புச் சொல்லும்."

விகடகவி தேனப்பர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரைக் கண்டாலே எரியும் பிரதானி வீமராயர் எழுந்தார்.

"தீர்ப்புச் சொல்லத் தெரியாவிட்டால் இவர் இன்றே நாட்டை விட்டுப் போகட்டும், மகாராஜா."

"அப்படியே ஆகட்டும்."

"சம்மதம்," என்றார் தேனப்பர். "ஆனால் அளவு வேண்டுமே? நேரம் அளக்கும் நாழிகை வட்டில் வேண்டாம்; அது மூழ்குவதற்குள் ஆள் போய்விடுவான். சின்ன வட்டில் வரட்டும். பிரதானியாரே காவல் இருக்கட்டும்."

ஆளுயர அண்டாத் தண்ணீரில், அடியில் துளையிட்ட செப்பு வட்டில் மிதந்தது. அது மூழ்கும்போதெல்லாம் பிரதானியார் சேகண்டியை அடித்து, அதைப் பிடித்து மறுபடி மிதக்கவிட வேண்டும்.

மல்லன் கருங்கல் உருளையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றான். கழுத்து நரம்புகள் விழுதுகளாகப் புடைத்தன. சாமரம் அந்தரத்தில் நின்றது.

கூத்தாடி, போரில் மாண்ட இளவரசனாக விழுந்தான். ஈ ஒன்று அவன் திறந்த கண்ணோரமாக நடந்து உதட்டுக்கு வந்தது. அவன் பிணமாகவே கிடந்தான். ராணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

நாகசுரக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்தார். அது தூண்களைச் சுற்றி மேலேறியது, முடியவேயில்லை. கூரைப் புறாக்கள்கூட அடங்கிவிட்டன. தேனப்பருக்குத் தன் ஆபத்தே மறந்துபோயிற்று.

"யார்?" என்றார் ராஜா.

ஒருவரையும் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை. திகைத்த தேனப்பரின் கண் அண்டாவில் விழுந்தது.

"பிரதானியாரே, சேகண்டி சத்தமே கேட்கவில்லையே! மல்லனுக்கு எத்தனை வட்டில்?"

"அது... அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு..."

"கூத்தாடிக்கு?"

"அந்த ஈ..."

"நாகசுரத்துக்கு?"

வீமராயர் அண்டாவை எட்டிப் பார்த்தார். மல்லன் முறையிலேயே மூழ்கிய வட்டில் அடியில் கிடந்தது.

"மகாராஜா, என்னைத் துரத்தக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்தவரையே மூவரும் கட்டிப்போட்டுவிட்டார்கள். அவர்கள் பிடித்தது தங்கள் மூச்சையா, இந்தச் சபையின் மூச்சையா? இதில் யாரைக் குறைப்பேன்? தாங்களும் இனி மூச்சை விடலாம்."

ராஜா விட்டார், அது சிரிப்பாக வந்தது. ஒரு காப்பு மூன்றாகி, மூவருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. தம் பட்டுச் சால்வையைத் தேனப்பருக்குப் போர்த்தினார்.

"பிரதானியாரே, வட்டில்?" என்றார் தேனப்பர்.

அண்டாவோ ஆழம். பிரதானியார் தலைப்பாகையைக் கழற்றி வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டார். ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.