மாடு முறைத்த தரை

“சாமி, என் சகலை வீட்டுத் தரையைவிடப் பளபளப்பா எனக்கு டைல்ஸ் வேணும்” என்று வந்து நின்றார் தண்டபாணி.

மடத்துத் திண்ணையில் சாமி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தோல் மடியில் பாதி, தரையில் பாதி.

“என்னைப் பார்த்தா கடைக்காரன் மாதிரியா இருக்கு?”

இல்லைதான். ஆனால் வயிறு எரிகிறவனுக்குக் கடை எது, மடம் எது?

புது வீட்டுக்கு அன்று சாயங்காலத்துக்குள் டைல்ஸ் சொல்லியாக வேண்டும். மனைவி பூங்கோதைக்கு மூட்டு வலி. தினம் குனிந்து துடைக்க முடியாது. அழுக்குக் காட்டாத, குழவியே விழுந்தாலும் அசராத, சொரசொரப்பான சாம்பல் கல் ஒன்றை அவள் தொட்டுக் காட்டியிருந்தாள். தண்டபாணிக்கு அதைப் பார்த்தாலே பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது.

சகலை மயில்சாமி வீட்டில் போன வாரம்தான் புதுமனைப் புகுவிழா.

“பார்த்து வாங்க தம்பி, கண்ணாடி மாதிரி வழுக்கும்” என்று சகலையின் குரலை மூக்கில் ஏற்றிப் பேசிக் காட்டினார் தண்டபாணி. வந்த சனமெல்லாம் அந்தத் தரையைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டதாம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு ஆறுதல், மாடு.

வீட்டுக்குள் முதலில் விடுவதற்குப் பசுவைக் கூட்டி வந்தார்கள். வாசற்படி தாண்டியதும் அது குனிந்து பார்த்தது. தரைக்குள்ளே இன்னொரு மாடு. கண்ணை உருட்டி, புஸ்ஸென்று மூச்சுவிட்டு, கொம்பைத் தாழ்த்திவிட்டது. சாக்கு விரித்த பிறகுதான் நகர்ந்தது. தண்டபாணி தலையைத் தாழ்த்தி, அதையும் நடித்துக் காட்டினார்.

சாமி சிரித்த சிரிப்பில் கடலை சிதறியது.

“அது யாரை முட்டப் போச்சு?”

“தரையில தெரிஞ்ச மாட்டைத்தான் சாமி.”

“அந்த மாடு இதை என்ன பண்ணுச்சாம்?”

“அது என்ன பண்ணும்? இதுவேதானே அது.”

சாமி ஒரு கடலையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நீயும் குனிஞ்சு பார்த்திருப்பியே. யாரு தெரிஞ்சாங்க?”

தண்டபாணி சிரிக்க வாயெடுத்தார். பாதியில் நிறுத்தி, கடலையை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் கடைக்காரர் ஒரு கல்லைத் துணியால் துடைத்து நீட்டினார். “பாருங்க சார், உங்க முகமே தெரியும்.”

“அதான் வேண்டாம்” என்றார் தண்டபாணி. “அந்தச் சாம்பல் கல்லை எடுங்க.”