வெயிலைத் தின்றது யார்?

கடம்பனூர் மகாராஜா கோதண்டவர்மனுக்கு முட்டிவலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை; எழுந்தால் உட்கார முடியவில்லை. வைத்தியர் நாடி பார்த்தார். "உடம்பில் வெயிலே படவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"தினமும் நகர்வலம் போகிறேன். வெயில் படவில்லையாமே!" என்று சபையில் எரிந்து விழுந்தார் மகாராஜா.

அவருக்குக் குடை பிடிக்கும் அதிகாரி ஆதிமூலம். குயவர்கள்மேல் அவருக்கு வெகுநாள் கடுப்பு. சூளைப் புகை பட்டு அவருடைய அருமைப் பட்டுக்குடை கறுக்கிறதாம்!

"சூளைப் புகைதான் மகாராஜா, வெயிலை வழியிலேயே தின்றுவிடுகிறது" என்றார்.

"அப்படியா? இடித்துத் தள்ளுங்கள் சூளைகளை!"

சபை விகடன் தாண்டவனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. சூளை போனால் குயவர் தெருவே பட்டினி கிடக்கும். அவன் முன்னால் வந்தான்.

"புகை எவ்வளவு தின்றது என்று அளந்துவிட்டு இடிக்கலாமே, மகாராஜா?"

"வெயிலை எதில் அளப்பாய்? படியிலா, மரக்காலிலா? சரி, நாளை சாயங்காலத்துக்குள் அளந்து காட்டு. இல்லாவிட்டால் சூளையோடு உன் உத்தியோகமும் போச்சு!"

மறுநாள் காலையில் தாண்டவன் மஞ்சளில் நனைத்த துணி ஒன்றை மூன்றாகக் கிழித்தான். மஞ்சள் சாயம் வெயில் பட்டால் வெளுக்கும் என்பது வீட்டில் துணி உலர்த்துகிற எல்லாருக்கும் தெரியும். ஒரு துண்டைக் காற்றாடியில் கட்டி, புகைக்கு மேலே பறக்கவிட்டான். இன்னொன்றைச் சூளையடியில், புகைக்குக் கீழே விரித்தான். மூன்றாவதை மகாராஜாவின் தலைப்பாகையில் வெளியே தெரியச் செருகினான்.

"இது எதற்கு?"

"ராஜ சாட்சி, மகாராஜா."

மகாராஜா நகர்வலம் கிளம்பினார். ஆதிமூலத்துக்கு ஒரே குஷி. வழக்கத்தைவிடக் கவனமாகக் குடை பிடித்தார்.

சாயங்காலம் அரண்மனை முற்றத்தில் ஊரே கூடியது. காற்றாடித் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. சூளையடித் துணியில் லேசாக மஞ்சள் தங்கியிருந்தது.

"புகை தின்றது இந்த ஒரு வாய்தான்" என்றான் தாண்டவன்.

"என்னுடையது?"

தலைப்பாகையிலிருந்து உருவினான். அப்போதுதான் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல் பளிச்சென்று மஞ்சள்!

"மிச்சத்தை எல்லாம் தின்றவர் இங்கேயேதான் இருக்கிறார், மகாராஜா" என்று தாண்டவன் மெல்ல அண்ணாந்தான். மகாராஜாவும் அண்ணாந்தார். தலைக்கு மேலே பட்டுக்குடை. ஆதிமூலம் மட்டும் தரையைப் பார்த்தார்.

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "சூளைகள் எரியட்டும்! தாண்டவா, இந்தக் குடையை உனக்கே பரிசாகத் தந்தேன்!"

தாண்டவன் துள்ளிப் பின்வாங்கினான்.

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது!"