மைனா கூவி விற்காத முள்

கருங்குளத்தின் கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதன் உச்சிக்கிளையில் மஞ்சமூக்கி என்ற மைனா மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தாள். காட்டுக்குச் செய்தி சொல்வது அவள் வேலை.

தினமும் காலை வெயில் அந்தக் கிளையைத் தொட்டதும் அவள் குரல் எழும்.

"வடகரை அத்தியில் பழம் கனிந்துவிட்டது. தென்கரையில் சேறு ஆழமாக இருக்கிறது, குட்டிகளை இறக்காதீர்கள். யானைக் கூட்டம் மூங்கில் பக்கம் போயிருக்கிறது, இன்றைக்கு அந்த வழி வேண்டாம்."

தான் பார்த்ததைத்தான் சொல்வாள். அதனால் சுண்டெலி முதல் காட்டெருமை வரை எல்லோரும் அவள் பேச்சை அப்படியே நம்பினார்கள்.

செய்தி முடிந்ததும் கொஞ்சம் விளம்பரம் உண்டு. "கரடி பெருங்கையனிடம் புது மலைத்தேன் வந்திருக்கிறது" என்பாள். "கூடு பின்ன ஆள் தேடுகிறவர்கள் தூக்கணாங்குருவியிடம் போங்கள்" என்பாள். பெருங்கையன் ஒரு துண்டு தேனடை கொண்டுவந்து கொடுப்பான். தூக்கணாங்குருவி புழு பிடித்துக் கொடுக்கும். மஞ்சமூக்கியின் துணை அந்தக் கோடையில்தான் புயலில் அடிபட்டு இறந்திருந்தது. மூன்று வாய்க்கு ஒற்றை ஆளாக இரை தேடுகிறவளுக்கு அதெல்லாம் பெரிய உதவி.

ஒரு நாள் முள்ளம்பன்றி கூரன் மரத்தடிக்கு வந்தான். முதுகிலிருந்து உதிர்ந்த முட்களை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். முனைகள் எல்லாம் கறுத்திருந்தன.

"என்ன அண்ணே இது?" என்று கேட்டாள் மஞ்சமூக்கி.

"எட்டிக்காய்ச் சாற்றில் ஊற வைத்த முள். தொட்டுடாதே தங்கச்சி, விஷம்" என்றான் கூரன். "போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரியை நரி கொண்டுபோனது உனக்குத் தெரியும்ல? அதுக்கு அப்புறம்தான் இதைச் செய்தேன். வளை வாசலில் ஒண்ணு நட்டு வைத்தேன். நரி திரும்பி வந்து மிதித்தது. கால் வீங்கி நொண்டிக்கிட்டே ஓடினது, அப்புறம் இந்தப் பக்கமே காணோம்."

முள் கட்டை மெல்லத் தரையில் இறக்கி வைத்தான். பிறகு சொன்னான்: "அன்னைக்கு இது ஒண்ணு இருந்திருந்தா அவள் செத்திருக்க மாட்டாள். என் கதி இன்னொருத்தருக்கு வர வேண்டாம். நீ ஒரு வார்த்தை சொல்லு. உன் குஞ்சுகளுக்குத் தினமும் கறையான் தோண்டிக் கொண்டுவந்து தருகிறேன்."

கூரனின் மனைவி மஞ்சமூக்கிக்கும் தெரிந்தவள்தான். கேட்கும்போதே அவள் மனசு இளகிவிட்டது. மறுநாள் செய்தி முடிந்ததும் சொன்னாள்: "நரியைத் தடுக்கும் முள், கூரனிடம் கிடைக்கும்."

ஒரே ஒரு மயில்தான் போனது. அதன் கூட்டை முன்பு நரி உண்மையிலேயே கலைத்திருந்தது. மற்றவர்கள் அத்திப்பழம் தின்னப் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் கூரன் ஒரு தேக்கிலை நிறையக் கறையானோடு வந்தான். "யாருமே வரலை தங்கச்சி. இருக்குன்னு சொன்னா போதாது. எதுக்கு வேணும்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லு."

"எப்படிச் சொல்ல?"

"நரி எந்தப் புதரிலும் இருக்கலாம்னு சொல்லு. பொய் இல்லையே. இருக்கலாம்தானே?"

மஞ்சமூக்கி யோசித்தாள். அப்போது காட்டில் நரியே இல்லை. ஆனால் மேலே மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன. இருக்கலாம் என்று சொல்வதில் என்ன தப்பு என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் காலை அவள் குரல் குளக்கரை முழுக்கக் கேட்டது. "நரி எந்தப் புதரிலும் இருக்கலாம். சத்தம் கேட்ட பிறகு தேடினால் முள் கிடைக்காது. இன்றே கூரனிடம் வாங்குங்கள்."

அன்று மத்தியானத்துக்குள் கூரனின் வளைக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. அணில் வந்தது, கீரி வந்தது, உடும்பு வந்தது. வாழ்நாளில் நரியைப் பார்த்தே இராத ஆமையும் மெல்ல ஊர்ந்து வந்தது. கூரன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தான். இத்தனை பேருக்குத் தன்னால் உதவ முடிகிறதே என்று அவன் மனம் நிறைந்தது.

வரிசையில் தவிட்டி என்ற முயலும் நின்றாள். அவள் தனியாக வாழ்பவள். இலை அசைந்தாலே திடுக்கிடும் சுபாவம். முள்ளை வாங்கிக்கொண்டுபோய்ப் படுக்கும் இடத்தில், கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காடு மாறிப்போனது. முன்பெல்லாம் குளத்தில் தோளோடு தோள் உரச நின்று தண்ணீர் குடிப்பார்கள். இப்போது ஒருவர் குடித்து முடித்து நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் வந்தார். பின்னால் சருகு சரசரத்தால் எல்லோர் கையும் முள்ளைத் தேடியது. முள் வாங்கினால் பயம் போகும் என்று நினைத்தார்கள். வாங்கிய பிறகுதான் பயம் கூடியது. பயம் கூடக்கூட இன்னும் முள் வேண்டியிருந்தது.

மழை தூறிய ஒரு காலையில் அது நடந்தது.

தவிட்டியின் புதருக்குப் பக்கத்தில் மெல்லடி என்ற சருகுமான் இருந்தாள். இரண்டு பேரும் அக்கா தங்கை மாதிரி. மெல்லடிக்குப் பிறந்து ஒரு மாதமே ஆன குட்டி ஒன்று உண்டு. மழையில் தவிட்டி வெளியே வர மாட்டாள், பசியோடு கிடப்பாள் என்று நினைத்து, மெல்லடி ஒரு வாய் இளம்புல்லைக் கவ்விக்கொண்டு புதருக்குள் தலையை நுழைத்தாள். வாயில் புல் இருந்ததால் கூப்பிட்டுக் குரல் கொடுக்க முடியவில்லை.

தவிட்டி அப்போதுதான் மைனாவின் விளம்பரத்தைக் கேட்டு முடித்திருந்தாள். இலை விலகியது. ஏதோ ஒரு பழுப்பு முகம் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முள்ளால் குத்தினாள்.

கண்ணைத் திறந்தபோது மெல்லடி தரையில் கிடந்தாள். புல் சிதறிக் கிடந்தது. முள் கழுத்தில் ஏறியிருந்தது.

"அக்கா," என்றாள் தவிட்டி. "நரின்னு நினைச்சேன் அக்கா."

மெல்லடியால் பேச முடியவில்லை. அவள் கண் தன் குட்டி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. மழை விடுவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

மறுநாள் வெயில் உச்சிக்கிளையைத் தொட்டது. மஞ்சமூக்கி செய்தி சொன்னாள்.

"நேற்றுக் காலை மெல்லடி இறந்துவிட்டாள். தவிட்டி நரி என்று நினைத்துக் குத்திவிட்டாள்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்து முள் விளம்பரம் சொல்ல வேண்டும். கூரன் கொடுத்த கறையான் கூட்டுக்குப் பக்கத்தில் இலையோடு இருந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

கீழே பெருங்கையன் வந்து நின்றான்.

"மஞ்சமூக்கி, ஒண்ணு கேட்கிறேன். நீ நரியைப் பார்த்தியா?"

"இல்லை."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை. இருக்கலாம்னுதான் சொன்னேன். கூரண்ணன் சொல்லச் சொன்னார்."

"நாங்க நீ பார்த்ததாத்தான் நினைச்சோம்," என்றான் பெருங்கையன். "நீ சொன்னா அதுதானே எங்களுக்கு. இனிமே என் தேனைப் பத்திச் சொல்ல வேண்டாம். கோபத்தில் சொல்லலை. அந்த முள்ளைச் சொன்ன வாயாலேயே என் தேனையும் சொன்னா, தேனை நக்கும்போது மெல்லடி முகம்தான் ஞாபகத்துக்கு வரும்."

அன்றே தூக்கணாங்குருவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடுத்த நாள் மஞ்சமூக்கி பேசும்போது மரத்தடியில் பாதிப் பேர்கூட இல்லை. தென்கரையில் சேறு இன்னும் கூடியிருக்கிறது என்று சொன்னாள். கேட்காமல் போன காட்டுப்பன்றிக் குட்டி ஒன்று இடுப்புவரை சேற்றில் மாட்டிக்கொண்டு, நல்லவேளையாகப் பிழைத்தது.

மஞ்சமூக்கி பறந்து போய் கூரனின் வளை வாசலில் இறங்கினாள். அவன் சாற்றில் முள் ஊற வைத்துக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தால் அவனும் தூங்கியிருக்கவில்லை என்று தெரிந்தது.

"நான் யாரையும் குத்தச் சொல்லலை தங்கச்சி" என்றான் முதலிலேயே.

"தெரியும் அண்ணே."

"என் வீட்டுக்காரி செத்தது பொய்யா? மயிலோட கூட்டை நரி கலைச்சது பொய்யா? முள் இல்லாட்டி அந்த மாதிரி இருக்கிறவங்க கதி என்ன?"

"பொய் இல்லை. முள் வேண்டியவங்க இருக்காங்க. ஆனா இனி நான் அதைச் சொல்ல மாட்டேன்."

"என்னைக் கொலைகாரன்னு சொல்றியா?"

"உங்களைச் சொல்லலை. என்னைச் சொல்றேன்." மஞ்சமூக்கி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தேனை விற்கணும்னா இனிக்கும்னு சொன்னாப் போதும். கூட்டை விற்கணும்னா மழை ஒழுகாதுன்னு சொன்னாப் போதும். உங்க முள் இருக்குன்னு மட்டும் சொன்னேன், தேவைப்பட்ட மயில் வந்தது. எல்லோரும் வரணும்னா நான் நரியைக் காட்ட வேண்டியிருந்தது. இல்லாத நரியைக் காட்டினேன். கடைசியில் மெல்லடியையே நரியாக்கிட்டேன்."

கூரன் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தான்.

"இன்னொண்ணும் இருக்கு அண்ணே. நான் மேலேயிருந்து பேசுறேன். யார் கேட்கிறாங்க, கேட்டுட்டு என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. தைரியசாலியும் கேட்கிறான், பயந்தவளும் கேட்கிறாள், கோபக்காரனும் கேட்கிறான், குழந்தையும் கேட்குது. நீங்க வளை வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க. வர்றவங்க முகத்தைப் பார்க்கலாம். எதுக்குன்னு கேட்கலாம். எங்கே நடணும், எப்படிக் காப்பாத்தி வைக்கணும்னு சொல்லித் தரலாம். என்னால அது முடியாது."

கூரன் ஊறிக்கொண்டிருந்த முட்களைத் தள்ளி வைத்தான். "தவிட்டி வரிசையில் நின்னப்போ அவள் கை நடுங்கினது. நான் பார்த்தேன். பார்த்தும் கொடுத்தேன்." அவன் குரல் உடைந்தது. "நீ போ. கறையான் இனி கிடைக்காது, அதுக்காக வருத்தப்படாதே."

"வருத்தமாத்தான் இருக்கும்," என்றாள் மஞ்சமூக்கி. "இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

அந்த மாதம் அவளுக்குக் கஷ்டமான மாதம். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இரை தேடினாள். அப்படியும் கடைசிக் குஞ்சு மெலிந்துதான் போனது. காலையில் செய்தி மட்டும் தவறவில்லை. பார்த்ததைச் சொன்னாள், பார்க்காததைச் சொல்லவில்லை. மரத்தடிக்கு எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தவிட்டி வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அவளோடு மெல்லடியின் குட்டியும் வந்தது. தாயில்லாத குட்டியைத் தவிட்டிதான் இளம்புல் ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. உட்கார இடம் விட்டார்கள்.

ஒரு காலை, மஞ்சமூக்கி உண்மையிலேயே நரியைப் பார்த்தாள்.

"மேற்குப் பாறை இடுக்கில் ஒரு நரி படுத்திருக்கிறது. நானே பார்த்தேன். அந்தப் பக்கம் போகாதீர்கள். குட்டிகளை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்."

கூரனும் கூட்டத்தில் நின்றான். அடுத்து தன் பெயரைச் சொல்வாளோ என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். சொன்னால் இன்று வளை வாசலில் வரிசை நிற்கும். மஞ்சமூக்கி சொல்லவில்லை. "அவ்வளவுதான் இன்றைய செய்தி" என்று முடித்தாள்.

ஒரே நொடியில் மேற்குப் பக்கம் காலியானது. அணில்கள் மரமேறின. கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கே போனது. தவிட்டி குட்டியை முன்னால் விட்டு ஓடினாள். நரி இரண்டு நாள் சுற்றியது, ஒரு வாய் இரையும் கிடைக்காமல் மலை தாண்டிப் போய்விட்டது. யாரும் யாரையும் குத்தவில்லை. பெருங்கையனும் தூக்கணாங்குருவியும் மறுபடி தங்கள் விளம்பரத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் கூரன் மரத்தடிக்கு வந்தான்.

"தங்கச்சி, எனக்காக ஒரே ஒரு அறிவிப்பு. முள்ளை விற்கிறதுக்கு இல்லை."

அவன் சொன்னதைக் கேட்டதும் மஞ்சமூக்கி உடனே உச்சிக்கிளைக்குப் பறந்தாள். குரல் குளத்தைத் தாண்டிக் கேட்டது.

"வீட்டில் சும்மா கிடக்கும் முட்களைக் கூரன் திருப்பி வாங்கிக்கொள்கிறான். ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கப் போகிறான். குட்டிகள் கை படுவதற்குள் கொண்டுவந்து கொடுங்கள்."

அன்றும் கூரனின் வளைக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. மயில் மட்டும் வரவில்லை. அதற்கு முள் இன்னும் தேவைப்பட்டது, அதைப் பத்திரமாக வைக்கவும் தெரிந்திருந்தது.

இப்போதும் அந்தக் காட்டில் முள் உண்டு. கேட்டு வருகிறவர்களைக் கூரன் உட்கார வைத்து, நடந்ததை விசாரித்து, கையைப் பார்த்துத்தான் கொடுக்கிறான். ஆனால் மருத மரத்தின் உச்சிக்கிளையிலிருந்து வரும் குரலை எவ்வளவு நேரம் காதுகொடுத்துக் கேட்டாலும், அத்திப்பழமும் தேனும் கூடும் காதில் விழுமே தவிர, அந்த முள்ளின் பெயர் விழாது.

நீதி: எல்லோரும் நம்பிக் கேட்கும் குரல், பயத்தைக் காட்டித்தான் விற்க முடிகிற பொருளைக் கூவி விற்கக் கூடாது.