பாட்டு மண்டபத்துக்கு வந்த உரல்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, கொற்றலூர்னு ஒரு சீமைய மகரராஜான்னு ஒருத்தரு ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுசன்தான், ஆனா கவிராஜான்னு பேரெடுக்கணும்னு ஒரு கிறுக்கு. பாட்டு மட்டும் வராது. அதுக்கென்ன? அரண்மனைல சர்வாலங்காரப் புலவர்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு எழுதுவாரு, ராஜா தன் பாட்டுன்னு படிப்பாரு, சபை முழுக்க "ஆஹா! ஆஹா!"ன்னு கத்தும். பாதி வரிலேயே கத்திருவானுங்க. மீதி வரிய எவனும் கேட்டதே இல்ல.

இப்படிப் போய்க்கிட்டிருந்ததுல ஒரு நாள் வசமா மாட்டிக்கிட்டாரு. ராணி செண்பகவல்லி முன்னால நின்னு, "கார்மேகம் தோற்கும் உன் கருங்கூந்தல்"னு ராகம் போட்டுப் படிச்சாரு பாருங்க, ராணி முக்காட்ட எடுத்துட்டா. தலை மழமழன்னு மொட்டை! ராஜாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தப்போ குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டு, முடி இறக்கிட்டு வந்து நாலு நாளாச்சு. மனுசன் கவனிக்கவே இல்ல.

"எங்கப்பா பௌர்ணமிக்கு வர்றாரு. அதுக்குள்ள நீங்களா என்னைப் பத்தி ஒரு பாட்டு சொன்னா இருக்கேன். இல்லேன்னா அவரோட பல்லக்குல ஏறிப் போயிருவேன்"னுட்டா.

பௌர்ணமிக்கு ஏழே நாள். ராஜா புலவரைப் பிடிச்சு உலுக்கினாரு. "ஓய், எனக்குப் பாட்டெழுதக் கத்துக்குடும்!"

"அதுக்குச் சாமான் வேணும் மகாராஜா"ன்னாரு புலவர். ஒரு மண்டபத்தையே ஒழிச்சுக்கிட்டாரு. தொட்டி நிறையத் தாமரை, கட்டிப்போட்ட மான், கூண்டுல குயில், கண்ணுக்கு நூறு உவமை, இடுப்புக்கு இருநூறு உவமைன்னு கட்டுக் கட்டா ஓலை. அன்னம் மட்டும் கிடைக்கல. அதுக்காக விடுவாரா? ஒரு தவிட்டு நிற வாத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு விட்டாரு. அது தாமரைத் தொட்டில இறங்கிச்சு, தண்ணி வெள்ளையாச்சு, வாத்து பழையபடி வாத்தாச்சு. அதையும் பாத்து ரெண்டு பேர் "ஆஹா!"ன்னானுங்க. சரி, அந்த வாத்த விடுங்க, கதைக்கு வர்றேன்.

ராஜா உக்காந்து, "உன் கண்..."ம்பாரு. "ஆஹா!"ன்னு மண்டபமே அதிரும். அடுத்த வார்த்தை பயந்து ஓடிரும். ஆறு நாள் இப்படியே போச்சு. பழிய யார் தலைல போடலாம்னு புலவர் சுத்திப் பாத்தாரு. மூலைல நின்னு சிரிச்சுக்கிட்டிருந்த மந்திரி கார்வேலர் மேல அவருக்கு ரொம்ப நாளாவே கடுப்பு.

"மகாராஜா, மந்திரியாருக்கு எல்லாம் தெரியும்னு ஊரே சொல்லுது. அவரே கத்துக்குடுக்கட்டுமே!"

ராஜாவுக்கும் எரிச்சல். "ஓய் கார்வேலரே! நாளைக்குள்ள எனக்குப் பாட்டு வரலேன்னா, உமக்கு மொட்டையடிச்சுக் கழுதை மேல ஏத்திருவேன்!"

"உத்தரவு மகாராஜா. எனக்கு ஒரு உரல், ரெண்டு உலக்கை, நெல்லு குத்துற காத்தாயி, இவ்வளவு போதும்."

புலவர் சிரிச்ச சிரிப்புல குயிலே கத்துறத நிறுத்திருச்சு.

மறுநாள் அந்த மண்டபத்துலயே சபை கூடிருச்சு. மாமனாரு வந்தாச்சு, ராணி திரைக்குப் பின்னால, வாசல்ல பல்லக்கு. மந்திரி உலக்கைய நீட்டினாரு.

"நான் நெல்லு குத்துறதா?"ன்னு ராஜா முறைச்சாரு.

"கழுதை தயாரா நிக்குது மகாராஜா. முதல்ல இதைப் பாத்துட்டு அப்புறம் ஏத்துங்க."

ஒரே உரல்ல ரெண்டு பேர் மாத்தி மாத்திக் குத்தணும்ல? காத்தாயி ஊருல ஒரு வழக்கம். குத்திக்கிட்டே ஒருத்தி கேப்பா, எதிர்ல நிக்கிறவ பதில் பாடணும். பதில் நின்னா கை நிக்கும், கை நின்னா உலக்கையும் உலக்கையும் மோதும். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது.

ராஜா வேற வழியில்லாம உலக்கைய வாங்கினாரு. "சாமி, கால்விரல் பத்திரம்"னு சொல்லிட்டு காத்தாயி ஆரம்பிச்சா.

"காச்சல்ல கெடந்தது யாரு ராசா?"

"நான்... நான்தான் கெடந்தேன்!"

"ஆஹா!"ன்னு ஒருத்தன் வாயத் தொறக்குறதுக்குள்ள அடுத்த குத்து விழுந்துருச்சு.

"கண்ணு மூடாம இருந்தது யாரு?"

"கட்டினவளே முழிச்சிருந்தா!"

"மொட்டையடிச்சு வந்தது யாரு?"

"மொகத்தையும் பாக்கலையே நானு!"

"மேகமுன்னு பாடினது யாரு?"

"வேற ஒருத்தன் பாட்டு புள்ள!"

சபைல ஒருத்தன ஒருத்தன் திரும்பிப் பாத்துக்கிட்டானுங்க. புலவர் மொகம் அந்த வாத்துத் தொட்டித் தண்ணி மாதிரி வெளுத்துப் போச்சு. சொன்ன பிறகுதான் ராஜாவுக்கே உறைச்சுது. ஆனா உலக்கை நிக்கலையே!

திரை விலகிச்சு. ராணி மொட்டைத் தலையோட விறுவிறுன்னு வந்தா. காத்தாயி கையிலேர்ந்து உலக்கைய வாங்கி ஓங்கி ஒரு குத்து.

"இனிமே எனக்கு யாரு பாட்டு?"

ராஜா அவ தலைய ஏறிட்டுப் பாத்தாரு. "முள்ளு முள்ளா முளைக்குது முடி! மூணு நாளாப் பாக்குறேன் நானு!"

ராணிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அப்பா, பல்லக்கத் திருப்பச் சொல்லுங்க"ன்னா.

புலவருக்குப் பொறுக்கல. "மகாராஜா, உவமை இல்ல, அணி இல்ல, இது பாட்டா?"

"உலக்கையப் பிடியும்"னாரு ராஜா.

காத்தாயி கேட்டா: "பெண்டாட்டி கண்ணு எப்படி சாமி?"

"அது... மீன்... இல்ல, மான்..."னு புலவர் ஓலைக்கட்டத் திரும்பிப் பாத்தாரு. உலக்கை நங்குன்னு உரல் விளிம்புல விழுந்துச்சு. விரலுக்கு ஒரு நூல் எட்ட! ஒத்தக்காலத் தூக்கிக்கிட்டு ஒரு துள்ளு துள்ளினாரு பாருங்க, கட்டிப்போட்ட மான் கூட அப்படித் துள்ளினதில்ல.

ராஜா மந்திரிக்குத் தன் முத்துமாலையக் கழட்டிப் போட்டாரு. "வேற என்னய்யா வேணும்?"

"அந்த வாத்தக் குளத்துல கொண்டு விடச் சொல்லுங்க மகாராஜா."

எல்லாம் திருந்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. அடுத்த மாசமே சர்வாலங்காரப் புலவர் உலக்கை பிடிக்கிறதுக்கு முந்நூறு விதி எழுதிக் கொண்டாந்தாரு. முதல் விதி முடியுமுன்னே சபை "ஆஹா!"ன்னுச்சு. நெல்லு மட்டும் காத்தாயிதான் குத்தினா. அவ புடைச்ச அரிசில எல்லாரும் நல்லா சாப்பிட்டுத் தூங்கினாங்க, நாமளும் போய்ச் சோத்தப் பாப்போம்.