சாவிகள் கோத்த கிரீடம்

முன்பொரு மழைக்காலத்தில் மூன்று நாட்டுக் கிரீடங்கள் ஒரே பட்டறைக்கு மெருகு போட வந்து சேர்ந்தன. மாசிலாமணி பத்தர் அவற்றைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பலகைமேல் காயவைத்திருந்தார்.

மூன்றில் பெரியது வேங்கைநாட்டுக் கிரீடம். அந்த நாட்டு ராஜாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. களஞ்சியச் சாவி, சிறைச் சாவி, ஏரி மதகின் சாவி, அரச முத்திரை எல்லாவற்றையும் கிரீடத்திலேயே பற்றவைத்துவிட்டார். பேருக்கு ஒரு சபையும் இருந்தது. சாவி இல்லாத சபை என்ன செய்யும்? தாயம் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க நாட்டுல எல்லாம் நான்தான்," என்று பெரிய கிரீடம் குலுங்கிக் காட்டியது.

பக்கத்திலிருந்த சின்னக் கிரீடம் சிரித்தது. "எங்க நாட்டுல எல்லாச் சாவியும் சபைகிட்ட. ஜனங்க பொறுக்கியெடுத்து அனுப்புற சபை. அவங்க போடுற சட்டத்துக்குத் தலையாட்டுறதுதான் என் வேலை."

"வெட்கமா இல்ல?"

"எதுக்கு? விருந்துக்கு மட்டும் என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

நடுவில் இருந்த மலைநாட்டுக் கிரீடம் பெருமூச்சு விட்டது. "எங்க மதகுக்கு ரெண்டு கதவு. ஒண்ணோட சாவி என்கிட்ட, இன்னொண்ணு சபைகிட்ட. தினமும் சண்டைதான் போங்க!"

அப்போது வாசலில் குதிரை ஒன்று வந்து நின்றது. சேணத்திலிருந்து வேங்கைநாட்டுத் தமுக்கு குதித்து ஓடிவந்தது. ஊருக்குச் சேதி சொல்லும் கொட்டு அது. மழையில் தோல் தொய்ந்து குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, ஏரி நிரம்பிடுச்சு! கரை சரியுது. கீழவெளி ஜனம் அத்தனையும் கரைக்குக் கீழதான் இருக்கு. மதகைத் திறக்கணும்!"

"திறக்கச் சொல்லு."

"சாவி உங்க மேலதானே இருக்கு!"

பெரிய கிரீடம் சட்டென்று திரும்பியது. "உங்க ஏரியெல்லாம் என்ன ஆச்சு?" என்று மற்ற இரண்டையும் கேட்டது.

"சபை காலையிலயே திறந்திருக்கும். அதுக்கு நான் எதுக்கு?" என்றது சின்னது.

"எங்களுது இந்நேரம் பாதி திறந்திருக்கும்," என்றது நடுவிலது.

"அப்போ என்னை உடனே தூக்கிட்டுப் போ!" என்று தமுக்கிடம் கத்தியது பெரிய கிரீடம்.

"ஆத்துல வெள்ளம் அண்ணே. குதிரை நீந்தித்தான் வந்துச்சு. உங்க கனத்தோட நீந்தினா முழுகிடும்."

எல்லாம் தன்னிடம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று கிரீடத்துக்கு அழுகை வந்தது. கீழவெளிக் குழந்தைகள் திருவிழாவில் தன்னைப் பார்த்துக் கைதட்டியது நினைவுக்கு வந்தது.

"பத்தரே, மதகுச் சாவியை வெட்டுங்க!"

பத்தர் கத்தரியைத் தள்ளி வைத்தார். "ராஜா சாமானுங்க. வெட்டினா என் கழுத்து போயிடும்."

"எங்க நாட்டுல நான் சொல்றதுதானே சட்டம்? சொல்றேன், வெட்டுங்க!"

கிரீடம் தனியாகப் போட்ட கடைசி ஆணை அதுதான். கத்தரி ஒரு கடி கடித்தது. சாவியை வாரில் முடிந்துகொண்டு தமுக்கு குதிரையில் பறந்தது.

சாயங்காலம் சேதி வந்தது. மதகு திறந்தாகிவிட்டது. வைக்கோற்போர்கள் மட்டும் மிதந்து போயின. ஜனம் பிழைத்தது. கிரீடம் தன்மேல் மிச்சமிருந்த சாவிகளைக் குலுக்கிப் பார்த்தது. பிறகு, "மத்த சாவிங்களையும் எடுத்துடுங்க பத்தரே. முத்திரையையும்தான். சபைக்குப் போகட்டும். தாயம் ஆடினது போதும்," என்றது.

வெள்ளம் வடிந்ததும், சபையார் இருபுறமும் வர, ராஜாவே சீறிக்கொண்டு வந்தார். பத்தர் கிரீடத்தை அவர் தலையில் வைத்தார். ராஜா திட்டுவதற்காக வாயைத் திறந்தார். ஆனால் சாவிகளின் கனத்தில் வருஷக்கணக்காகக் கட்டைபோல் விறைத்திருந்த கழுத்து இடப்பக்கம் லேசாகத் திரும்பியது. வலப்பக்கமும் திரும்பியது.

"அட!" என்றார் ராஜா. "பக்கத்துல இவ்வளவு பேர் நிக்கிறாங்களா?"