இரண்டு எறும்புப் பேச்சும் ஒரு வாசலும்

ஓடைக்கரைப் புதருக்கடியில் சடையன் என்ற வெள்ளெலியும் அவன் மனைவி பவளமும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். வளைக்கு ஒரே வாசல். அதுவும் ஓடையைப் பார்த்த வாசல்.

பவளம் பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் அவள் வளைக்குள் படுத்தபடியே சொன்னாள்.

"இங்க பாருங்க! மழை வந்தா தண்ணி நேரா உள்ளதான் வரும். மேட்டுப் பக்கமா இன்னொரு வாசல் வேணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்!"

"அதுக்கென்ன, வச்சிட்டாப் போச்சு!" என்றான் சடையன்.

சொல்வது சுலபம். மேட்டுப் பக்கம் முழுக்கச் சுக்கான் பாறை. எலிப்பல் அதில் ஏறாது. ஆனால் பாறையில் மெல்லிய வெடிப்புகள் ஓடின. வெடிப்புக்குள் புகுந்து மண்ணைத் துகள் துகளாக எடுத்துவிட்டால் கல் தானே கழன்று விழும். எறும்புகளால்தான் அது முடியும்.

எறும்புகளிடம் வேலை வாங்கும் வழக்கம் அந்தக் காட்டில் உண்டு. கொஞ்சம் தானியத்தைச் சிந்தினால் வந்து நிற்கும். ஆனால் சொந்தப் புத்தி கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. அதையும் அவற்றின் பேச்சிலேயே, மீசையால் தரையில் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டும். கட்டெறும்புக்கு ஒரு பேச்சு, செவ்வெறும்புக்கு ஒரு பேச்சு. வெளியாட்களுக்கு இரண்டும் ஒரே தட்டல்தான்.

புற்றருகே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தால் பேச்சு படிந்துவிடும். சடையன் கட்டெறும்புப் புற்றருகே உட்கார்ந்தான். 'எடு' என்ற சொல் அன்றைக்கே படிந்துவிட்டது. ஒரு கட்டெறும்பு அவன் நீட்டிய சருகை எடுத்துப் போனது! சடையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது முயல் அந்தப் பக்கம் வந்தது.

"போயும் போயும் கட்டெறும்புப் பேச்சா? ஒவ்வொண்ணையும் விலாவாரியாச் சொல்லணுமே! செவ்வெறும்புன்னா ஒரு வார்த்தை போதும். என் முள்வேலிய யார் வெட்டினதுன்னு நெனச்சே?"

நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிந்தது என்று சடையன் எழுந்து செவ்வெறும்புப் புற்றுக்குப் போனான். அங்கே 'மண்' என்ற சொல்லைப் பிடித்தான். மரத்தின் மேலிருந்து அணில் சிரித்தது.

"செவ்வெறும்பா! நீ தப்பாச் சொன்னாலும் அது பாட்டுக்குச் செஞ்சிட்டுப் போயிடும். கட்டெறும்பு அப்படியில்ல. புரியலன்னா நின்னு கேக்கும். என் மரப்பொந்தைச் சுத்தம் பண்ணிச்சே, ஒரு கீறல் விழல!"

சடையன் அன்றைக்கு எந்தப் புற்றருகிலும் உட்காரவில்லை.

அதன்பிறகு அவனுக்கு இதே வேலையாகிவிட்டது. கொக்கிடம் கேட்டான், முள்ளம்பன்றியிடம் கேட்டான். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லி, அவர் மறுப்பதையும் கேட்டுக்கொண்டான். ஆலமரத்தடியில் அணிலும் முயலும் தினமும் மல்லுக்கட்டும். நடுவில் சடையன் உட்கார்ந்திருப்பான். போகப் போக மற்ற விலங்குகள் அவனிடமே யோசனை கேட்க வந்தன. இரண்டு பேச்சைப் பற்றியும் பேச அவனை விட்டால் ஆளில்லை. இரண்டிலும் பேசத்தான் தெரியாது, பாவம்.

இதற்கிடையில் பவளத்துக்குக் குட்டிகள் பிறந்தன. இன்னும் கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டிகள். சடையன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தான். காய்ந்த புல்லை இழுத்து அவற்றைப் போர்த்திவிட்டான். அன்பில்லாதவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

"வாசல் என்னாச்சுங்க?" என்று கேட்டாள் பவளம்.

"அவசரப்படாதே பவளம்! தப்பான பேச்சைக் கத்துக்கிட்டா பட்ட பாடெல்லாம் வீணாயிடும். எது நல்லதுன்னு முதல்ல தெரியட்டும்."

"எந்த எறும்பு திறந்தா என்ன? வாசல் திறந்தா சரி!"

இவளுக்கு விவரம் போதாது என்று சடையன் மனதுக்குள் நினைத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குக் கிளம்பினான்.

அன்று காலை மலைப்பக்கம் கருத்திருந்தது. ஆலமரத்தடியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அணிலும் முயலும் வாதத்தின் உச்சத்தில் இருந்த நேரம், ஓடைப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிக்கொண்டிருந்தது!

சடையன் ஓடினான். ஓடையோரம் முழுக்கத் தண்ணீர். கீழ்வாசல் பாதி முங்கிவிட்டது. அவன் மேட்டுப் பக்கம் ஏறினான். அங்கே கட்டெறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு சாரை சாரையாக மேடேறிக்கொண்டிருந்தன. பாறை வெடிப்பு வழியே பவளத்தின் குரல் வந்தது.

"என்னங்க! தண்ணி உள்ள வருது! குட்டிங்க நனையுதுங்க!"

சடையன் வாயில் அடக்கியிருந்த தானியத்தைச் சிந்தி, மீசையால் படபடவென்று தட்டினான். 'எடு! எடு!'

கட்டெறும்புகள் முட்டைகளை வைத்துவிட்டு வந்து நின்றன. எதை எடுக்க வேண்டும் என்று திருப்பித் தட்டின.

மண்ணை என்று சொல்ல வேண்டும். மண்ணுக்குச் செவ்வெறும்புச் சொல்தான் அவனுக்குத் தெரியும். அதைத் தட்டினான். கட்டெறும்புகளுக்கு அது புரியவில்லை. அணில் சொன்னது நிஜம்தான். அவை அசையாமல் நின்று மறுபடி கேட்டன. எதை எடுக்க வேண்டும்?

"மண்ணை! மண்ணை எடுங்க!" என்று சடையன் தன் பாஷையிலேயே கதறினான். எறும்புகள் பொறுமையாக மறுபடி கேட்டன.

"என்னங்க..." என்று பவளம் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு வெடிப்பு வழியே தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது.

சடையன் கீழே பாய்ந்தான். வெள்ளம் பவளத்தை வாசல் வழியே இழுத்துவந்து புதர் வேரில் மாட்டியிருந்தது. அவள் வாயில் ஒரு குட்டி இருந்தது. சடையன் அவளைக் கரையேற்றினான். குட்டியைக் கீழே வைத்து இருவரும் நக்கி நக்கிப் பார்த்தார்கள். அது அசையவில்லை. மற்றவை வெள்ளத்தோடு போயின.

பவளம் அழவில்லை. அவனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"எது நல்லதுன்னு தெரிஞ்சுதாங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வெள்ளம் வடிந்தது. சடையன் எதிரே தெரிந்த புற்றருகே போய் உட்கார்ந்தான். அது கட்டெறும்புப் புற்றாக இருந்தது, அவ்வளவுதான். முயல் வந்து ஏதோ சொன்னது. அவன் தலை நிமிரவில்லை. அடுத்த அமாவாசைக்குள் பேச்சு படிந்துவிட்டது. பிறகு ஒருநாள் செவ்வெறும்புகள் தட்டுவதைக் கேட்டான். முக்கால்வாசி புரிந்தது! மீதியும் நாலு நாளில் வந்துவிட்டது. இதற்காகவா அத்தனை நாள் அலைந்தோம் என்று அவன் அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

கட்டெறும்புகள் வெடிப்புக்குள் புகுந்து மண்ணை எடுத்தன. மூன்றாம் நாள் கல் கழன்று விழுந்தது. குட்டிகள் இல்லாத வளைக்குள் முதல்முறையாக மேட்டுப் பக்கத்து வெயில் விழுந்தது.

பவளம் உள்ளிருந்து அந்த வாசல் வழியே மெல்ல ஏறி வந்தாள். ஓரங்களை முகர்ந்து பார்த்தாள். ஒரு கீறல் இல்லாத வாசல்.

"குட்டிங்களை இது வழியாத் தாராளமாத் தூக்கிட்டு வந்திருக்கலாங்க" என்றாள். பிறகு வந்த வழியே உள்ளே போய்விட்டாள்.

ஒன்றுபோலிருக்கும் இரண்டு நல்ல வழிகளில் எது மேல் என்று ஆராய்ந்துகொண்டே நிற்பதைவிட, ஏதாவது ஒன்றில் காலத்தோடு நடந்துவிடுவதே மேல்.