நாரில் கட்டிய ரோஜா

கிட்டே வந்து உட்காருங்கள். பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கடலில் கப்பல்களைவிடத் திமிங்கிலங்கள் அதிகமாகத் திரிந்த காலம் அது. அப்போது செங்கரடு என்றொரு சின்ன நாடு இருந்தது. அதை அதிரன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். வரியைக் குறைவாக வாங்குவான், சண்டைக்கு மெதுவாகப் போவான், சாப்பாட்டுக்கு மட்டும் சீக்கிரம் வருவான்.

அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நறுவிக்கு ஏழு வயது. இளையவளுக்கு மூன்று. இளையவளைப் பெற்றுப்போட்ட அன்றே ராணி கண்ணை மூடிவிட்டாள். அதனால் ராஜாவுக்கு உலகம் என்றால் இந்த இரண்டு பிள்ளைகள்தான்.

ஒரு நாள் கடல் கடந்து வந்த குதிரை வியாபாரி ஒருவன், குதிரைகளோடு ஒரு செடியையும் கொண்டுவந்தான். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு குச்சி. அதில் நாலு இலை, நாற்பது முள்.

"இதுக்கு ரோஜான்னு பேரு, ராஜா. மத்த செடி ஒரு பருவம் பூத்துட்டு ஓஞ்சிரும். இது ஓயாது. மண்டலத்துக்கு ஒரு தடவை பூக்கும்" என்றான் வியாபாரி. மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள், உங்களுக்குத் தெரியும். "ஆனா மூணு காரியம் செய்யணும். நல்ல வெயில்ல வைக்கணும். மக்கின சாணம் போடணும். வாடின பூவைக் காய்க்க விடாம நறுக்கணும். முதல் ரெண்டை மறந்தா செடி வாடும். மூணாவதை மறந்தா செடி பூவை மறந்துரும்."

அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் முள்ளி. கையெல்லாம் கீறலாக இருந்ததால் ஊர் வைத்த பெயர் அது. பேச்சும் கொஞ்சம் முள்தான். அவள் அந்தக் குச்சியை வெயில் விழும் இடமாகப் பார்த்து நட்டாள். காலையில் இலை நனையாமல் அடியில் மட்டும் தண்ணீர் விட்டாள். இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று தினமும் திருப்பிப் பார்த்தாள்.

செடி பூத்தது. பூ வாடியதும் முள்ளி கத்தியை எடுப்பாள். எடுக்கும்போதே நறுவி ஓடிவந்துவிடுவாள். பூவின் காம்பைப் பிடித்துக் கீழே இறங்கி, ஐந்து இலை கூடிய கொத்து எங்கே இருக்கிறது என்று விரல் வைத்து எண்ணுவாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இங்கதான் முள்ளி, நறுக்கு!"

முள்ளி அந்தக் கொத்துக்கு மேலே சாய்வாக ஒரு நறுக்கு நறுக்குவாள். வாடிய பூவைக் குப்பைக் குழியில் வீசுவது நறுவியின் வேலை. வீசிவிட்டுக் கை தட்டிச் சிரிப்பாள். நறுக்கிய இடத்தில் செக்கச்செவேலென்று துளிர் வரும், துளிரில் மொட்டு வரும், மண்டலம் முடியும்போது மறுபடி பூ வரும். இப்படி ஏழு தடவை பூத்தது.

எட்டாவது தடவை ஏழு பூ பூத்தது. அன்று காலை நறுவி அந்த ஏழு பூவையும் முகர்ந்து பார்த்தாள். மாலையில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் அவள் இல்லை.

என்ன சொல்ல! பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடையாது. ராஜா அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. நான்காம் நாள் உச்சி வெயிலில் தனியாகத் தோட்டத்துக்கு வந்து நின்றான். காற்றே இல்லை. வேம்பில் ஒரு இலை அசையவில்லை. ஆனால் ரோஜாச் செடியில் இருந்த ஏழு பூவும் மெல்ல விரிந்தன, மெல்லச் சுருங்கின, மறுபடி விரிந்தன. தூங்கும் குழந்தை மூச்சு விடுவதுபோல இருந்தது.

"என் மகள் மூச்சு இதில்தான் இருக்கிறது" என்று ராஜா அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்றே உத்தரவு போட்டான். இந்தப் பூக்களை யாரும் நறுக்கக்கூடாது. இந்தச் செடியை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கை போய்விடும். செடியைச் சுற்றி நாலு வேல்காரர்களை நிறுத்தினான்.

உத்தரவு போட்டால் பூ கேட்குமா? இதழ்கள் உதிரத் தொடங்கின. ராஜா அரண்மனையில் பூக்கட்டும் பெண்களை வரவழைத்தான். மாலை கட்டும் அதே வாழைநாரால், உதிர்ந்த இதழ்களை ஒவ்வொன்றாகச் செடியிலேயே திரும்பக் கட்டச் சொன்னான். அவர்கள் அப்படியே கட்டினார்கள். அப்புறம் ஏழு பழுப்புப் பூக்கள் நாரில் தொங்கின. காக்கை அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியது, தேனீ நிறுத்தியது, கடைசியில் எறும்பும் நிறுத்தியது.

நாருக்குள்ளே காய் பிடித்தது. முதலில் சுண்டைக்காய் அளவு. அப்புறம் நெல்லிக்காய் அளவு. ரோஜாக் காய் அதற்குமேல் வளராது. இது வளர்ந்தது. ஒரு வருஷத்தில் ஒவ்வொன்றும் குழந்தை தலை அளவு ஆகி, சிவந்து, கொம்பை வளைத்துக்கொண்டு தொங்கியது. உச்சி வேளையில் காதை வைத்தால் உள்ளே யாரோ பல்லைக் கடிப்பது கேட்குமாம். செடியில் ஒரு துளிர் இல்லை. ஒரு மொட்டு இல்லை.

இப்போது இளையவளிடம் வருவோம்.

ராஜா அவளைத் தன் அருகிலேயே வைத்துக்கொண்டான். பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மூத்தவள் உட்கார்ந்த மணையில் அவளை உட்கார வைத்தான். மூத்தவள் பாவாடையை அவளுக்குக் கட்டினான். அவளை எல்லோரும் நறுவி என்றே கூப்பிட வேண்டும் என்றான். ராஜா சொன்னால் யார் மறுப்பது? மந்திரியிலிருந்து அடுப்பு ஊதுகிறவள் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

முதலில் அவள் சிரிப்பதை நிறுத்தினாள். அடுத்து அவள் வளர்வதை நிறுத்தினாள். மூன்றாவதாக ஒன்று நடந்தது, அதைச் சொல்லவே எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு ஒற்றைச் சடை. சுவரில் விழுந்த அவள் நிழலுக்கு இரட்டைச் சடை.

வைத்தியர்கள் வந்தார்கள். ஒருவர் கஷாயம் கொடுத்தார். ஒருவர் லேகியம் கொடுத்தார். மூன்றாமவர் நாடி பிடித்தார், பிடித்த கையை உதறினார், ஊரைவிட்டே போய்விட்டார். ஒரு கைக்குள் இரண்டு பேருடைய நாடி ஓடியதாம்.

பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். நறுவியின் கொலுசு அவள் காலில் நிற்காமல் கழன்று விழுந்தது. ராஜா என்ன செய்தான் தெரியுமா? கொஞ்சம் வாழைநார் எடுத்துக் கொலுசைக் காலோடு சேர்த்துக் கட்டினான்.

அதை முள்ளி பார்த்துவிட்டாள். செடியில் காய் ஒரு விரற்கடை பெருத்த அன்றெல்லாம் பிள்ளை ஒரு விரற்கடை இளைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேரே போய் ராஜா முன்னால் நின்றாள்.

"மகாராசா, என் கையை எடுக்கிறதுன்னா எடுத்துக்கங்க. அதுக்கு முந்தி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உச்சி வேளைக்குத் தோட்டத்துக்கு வாங்க. மூணு காரியம் சொல்றேன். செஞ்சு பாருங்க."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் மடியில் இருந்த பிள்ளை பஞ்சுபோல் கனமில்லாமல் இருந்தாள். கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. போனான்.

"முதல்ல, உங்க மகளைக் கூப்பிடுங்க" என்றாள் முள்ளி.

"நறுவி" என்று கூப்பிட்டான் ராஜா.

தோளில் சாய்ந்திருந்த பிள்ளை திரும்பவில்லை. செடியில் ஏழு காயும் ஒன்றாக அசைந்தன. "அப்பா" என்று ஏழும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னன. வேல்காரர்கள் நாலு பேரும் வேல்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ராஜா அழுதான். ஒரு வருஷமாக வராத அழுகை.

"ரெண்டாவது, அதுகிட்ட ஒண்ணு கேளுங்க. வாடின பூவை எங்க நறுக்கணும்னு கேளுங்க."

ராஜா கேட்டான். "நறுக்காதீங்க அப்பா" என்றன காய்கள். "நறுக்காதீங்க. நறுக்காதீங்க. எனக்கு வலிக்கும்."

முள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை. "இது நறுவி இல்லீங்க. என் நறுவி அஞ்சு இலை எண்ணி விரல் வச்சுக் காட்டுவா. வாடினதை அவ கையாலயே குழியில வீசிட்டுச் சிரிப்பா. அவ போயிட்டா, மகாராசா. நீங்க போகவிடாம கட்டி வச்சீங்க பாருங்க, அந்தக் கட்டுதான் இப்ப வாய் திறந்து பேசுது."

ராஜா பிள்ளையைத் தோளோடு இறுக்கிக்கொண்டான்.

"மூணாவது, இந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்க. இதோட சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

ராஜா வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. நெற்றியைத் தேய்த்தான், வரவில்லை. கண்ணை மூடினான், வரவில்லை. தன் மகளின் பெயர் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

என்ன, ராஜாவைப் பார்த்து 'அட பாவி' என்கிறீர்களா? நானும் இவ்வளவு நேரமாக இளையவள், இளையவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பெயர் என்ன என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

ராஜா பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு முள்ளியின் கத்தியை வாங்கினான். முதல் காயை நறுக்கினான். "அப்பா, வலிக்குது" என்றது செடி. இரண்டாவதை நறுக்கினான். "அப்பா, என்னை விட்டுராதீங்க" என்றது. மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஏழாவது காயில் கத்தியை வைத்தபோது அது பேசவில்லை. பழைய மாதிரி, மெல்ல மூச்சு மட்டும் விட்டது. அங்கேதான் அவன் கை நின்றுவிட்டது. கல்நெஞ்சக்காரன் கையானாலும் நின்றிருக்கும். பிறகு 'அம்மாடி' என்று வாய்விட்டுக் கதறிக்கொண்டே நறுக்கினான்.

மண்ணில் விழுந்த காய்கள் பிளந்தன. உள்ளே விதையில்லை. வாழைநார்தான், சுருள் சுருளாக, ஈரமாக இருந்தது.

ராஜா குனிந்து பிள்ளையின் காலில் இருந்த நாரையும் அறுத்தான். கொலுசு கழன்று விழுந்தது. நறுவி போட்ட கொலுசு அது, அதை அவன் எடுக்கவில்லை. மண்டியிட்டு மகளின் முகத்தைப் பார்த்தான். ஒரு அப்பன் தன் பிள்ளையிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டான்.

"உன் பேர் என்னம்மா?"

பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கரகரத்த குரலில், தன் சொந்தக் குரலில், சொன்னாள்.

"தும்பை. எனக்குப் பசிக்குதுப்பா."

ஆகவே கேட்டவர்களே, போன பிள்ளையைக் கட்டி வைப்பதற்காக இருக்கிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.